சிவப்பு ஒயர் போன ஊர்கள்

நாகர்கோவிலில் வீடு கட்டுகிறவர் மின்சாமான் கடையில் இன்றும் கேட்பது சிவப்பு, கறுப்பு, பச்சை. 90 மீட்டர் சுருளாகத் தருவார்கள். மூன்று பேஸ் இணைப்பு என்றால் மஞ்சளும் நீலமும் சேரும். சிவப்பில் பேஸ், கறுப்பில் நியூட்ரல், பச்சையில் எர்த். குளச்சலிலிருந்து ஆரல்வாய்மொழி வரை சுவருக்குள் ஓடும் குழாய்களில் இந்த ஏற்பாடுதான் இருக்க வேண்டும்.

இந்தச் சிவப்பு பிரிட்டனில் இருந்து வந்தது. 1940-ல் திருவிதாங்கூரின் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாடும் அந்தச் சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு, அப்போதைய பெயரில் சென்னை மாநிலத்தோடு, சேர்ந்தது. அரசாங்கம் மாறியது, அலுவலக மொழி மாறியது. ஒயரின் நிறம் மட்டும் மாறவில்லை. திருவிதாங்கூர், சென்னை இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் வழக்கத்தில் வளர்ந்தவை.

ஆனால் ஜெர்மனியில் 1960களின் நடுப்பகுதி வரை சிவப்புதான் எர்த். அங்கே செய்த இஸ்திரிப்பெட்டியைப் பிரிட்டனில் ஒருவர் தன் பழக்கத்தில் பிளக்கில் மாட்டினால், கரண்டு நேரே அதன் உலோக உடம்புக்குப் போகும். தொடுகிறவர் பிழைப்பது அவர் அதிர்ஷ்டம். சாமான்கள் எல்லை தாண்டி விற்கத் தொடங்கிய பிறகு இதை விட்டுவைக்க முடியாது. ஐரோப்பிய நாடுகள் கூடிப் பேசி பேஸுக்குப் பிரவுன், நியூட்ரலுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சையில் மஞ்சள் கோடு என்று முடிவு செய்தன. அந்தக் கோட்டில் இருக்கும் அக்கறை எனக்கு மிகவும் பிடிக்கும்: ஐரோப்பிய ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. கோடு போட்ட ஒயரை அவர்களும் கண்டுகொள்வார்கள்.

பிரிட்டன் 1970-ல் சாமான்களின் ஒயரை மாற்றியது. சுவருக்குள் இருந்த சிவப்புக்கு 2004 வரை ஆயுள் இருந்தது. 2006 ஏப்ரலுக்குப் பிறகு புது வேலையில் அதற்கு இடமில்லை. சிங்கப்பூரும் 2009-ல் இதே நிறங்களுக்கு மாறியது. பிறந்த வீட்டில் ஓய்வு பெற்ற நிறம் நம் ஊரில் இன்னும் வேலை பார்க்கிறது.

மார்த்தாண்டம், தக்கலைப் பக்கமிருந்து எலக்ட்ரீசியனாகக் கடல் கடந்தவர்கள் ஏராளம். ஐடிஐயில் கற்றது ஒரு நிறவரிசை, போன இடத்தில் வேறொன்று. பிரவுனால் ஆபத்தில்லை, பழக்கமில்லாத நிறம் என்பதால் கை தானாக நிதானிக்கும். ஆபத்து கறுப்பிலும் நீலத்திலும் இருக்கிறது. நமக்கு நியூட்ரலான கறுப்பு, சிங்கப்பூரில் இரண்டாவது பேஸ். நமக்கு மூன்றாவது பேஸான நீலம், அங்கே நியூட்ரல். அமெரிக்காவிலோ கறுப்பில்தான் கரண்டு, வெள்ளையில் நியூட்ரல். மூன்று பேஸ் பெட்டியில் புது முறைக் கறுப்பை நியூட்ரல் என்று நம்பி மாட்டினால், 230 வோல்ட் போக வேண்டிய விளக்குக்கும் பிரிட்ஜுக்கும் 400 வோல்ட் போகும். எல்லாம் கருகிவிடும்.

பழைய நிறமும் புது நிறமும் சேர்ந்திருக்கும் கட்டிடத்தில், மின்பெட்டியின் மேல் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று பிரிட்டன் விதி செய்தது. வெளிநாட்டிலிருந்து கேபிள் கொண்டுவந்து கட்டிய நம் ஊர் வீடுகளுக்கும் இது வேண்டும் என்பேன். இருபது வருடம் கழித்து ஏசி மாட்ட வரும் பையனுக்கு, பெட்டிக் கதவின் உள்ளே எழுதிய இரண்டு வரி உயிர்க்காவல்.

முப்பந்தல் காற்றாலைகளில் கதை இன்னும் மாறும். 1990களில் டென்மார்க்கின் தொழில்நுட்பத்தோடு காற்றாலைகள் அங்கே பெருகின. எந்திரங்களின் பேனலுக்கு ஐஇசி 60204 என்ற தனிச் சர்வதேச விதி உண்டு. அதன் பரிந்துரைப்படி முதன்மை மின்சுற்றுகள் கறுப்பில். சிவப்பு என்பது ஏசி கட்டுப்பாட்டுச் சுற்று, நீலம் டிசி கட்டுப்பாட்டுச் சுற்று. வீட்டு ஒயரிங்கில் தேறியவர் கறுப்பை நியூட்ரல் என்று நினைத்து அங்கே கை வைக்கக் கூடாது. டெஸ்டரும் மீட்டரும் சொல்வதுதான் பேச்சு.

பேனலிலும் எர்த்துக்கு அதே பச்சை மஞ்சள் கோடுதான். இந்திய விதியும் வெறும் பச்சையோடு அதை ஏற்கிறது. ஆகவே எர்த் ஒயர் வாங்கும்போது கோடு போட்டதாகவே கேட்டு வாங்கலாம். ஐடிஐ முடித்து நேரே வேலைக்கு வந்தவருக்கும் கத்தாரில் வேலை பார்த்துத் திரும்பியவருக்கும் அதில் சந்தேகம் வராது.