இரண்டாவது பிராசசரும் மெமரிப் பிழையும்

1940களின் இறுதியில், பெல் ஆய்வகத்தின் ரிலே கணினி வார விடுமுறையில் ஆளில்லாமல் ஓடும். பிழை தென்பட்டதும் அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டுவிடும். ரிச்சர்ட் ஹாமிங் வெறுத்துப்போனார். பிழையைக் கண்டுபிடிக்கும் இயந்திரம் அதைத் திருத்தவும் கூடாதா? 1950இல் அவர் வெளியிட்ட குறியீட்டு முறையே, பிழையைத் தானே திருத்தும் இன்றைய ஈசிசி ரேமின் வேர்.

1970களின் இறுதியில் இன்டெல் ஆய்வாளர்கள் மெமரிப் பிழைகளின் ஒரு மர்மத்தை அவிழ்த்தார்கள். சிப்பின் உறையில் கலந்திருந்த சிறிதளவு கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைப் புரட்டிப் போட்டன.

பிழையைத் தேட, மெமரியை ஆளும் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். பழைய இன்டெல் இரட்டைப் பிராசசர் கணினிகளில் அது மதர்போர்டு சிப்செட்டில் இருந்தது. இரு பிராசசர்களும் அதையே பகிர்ந்துகொண்டன. 2003இல் ஏஎம்டியின் ஆப்டெரான் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தது. 2009இல் இன்டெல் சியான் 5500 வரிசையும் அதே வழியில் சென்றது.

பழுது தேடும் முறையும் அதோடு மாறியது. ஒவ்வொரு பிராசசரும் தனக்குரிய ஸ்லாட்டுகளை ஆள்வதால், இரண்டாவது பிராசசரைப் பொருத்தியதும், அதுவரை உறங்கிய ரேம் ஸ்லாட்டுகள் விழிக்கின்றன. அங்கே பிழை என்றால் ரேம் மட்டுமே குற்றவாளி அல்ல. சாக்கெட்டில் வளைந்த ஒரு பின், சமமாக முறுக்கப்படாத ஹீட்சிங்க், பழைய பயாஸ், ரெஜிஸ்டர்டு ரேமுடன் சாதாரண ரேமைக் கலந்தது என எதுவும் காரணமாகலாம்.

அதனால் அனுபவசாலிகள் ரேம்களை இடம் மாற்றிப் பார்க்கிறார்கள். பிழையும் கூடவே நகர்ந்தால் ரேமில் கோளாறு. அதே ஸ்லாட்டில் நின்றால் பிராசசர்களை மாற்றிப் பொருத்துகிறார்கள். அப்போதும் அசையாவிட்டால், சந்தேகம் சாக்கெட் மீதும் போர்டின் மீதும் விழுகிறது.