காய்ச்சல் நிலமும் கல்விப்பீடமும்: தம்பலகாமத்திலிருந்து பார்க்கும் ஒரு வரலாறு

திருகோணமலையிலிருந்து கந்தளாய் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்து, ஒருபுறம் கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயல்வெளியும் மறுபுறம் துறைமுகத்தோடு இணையும் ஆழமற்ற குடாவுமாகக் கிடக்கும் தம்பலகாமம், ஆதிகோணநாயகர் கோயிலாலும் நெல்லாலும் அறியப்பட்ட ஊர். வரலாற்று ஏடுகளில் இந்தப் பகுதிக்கு மற்றொரு முகமும் உண்டு. மாரி மழை ஓய்ந்து பெரும்போகப் பயிர் பச்சைகட்டி நிற்கும் மார்கழி, தை மாதங்களில் குளிரும் நடுக்கமுமாக வந்துசேரும் காய்ச்சல், இலங்கையின் உலர் வலயம் முழுவதற்கும் பொதுவான ஆண்டுச் சடங்கைப் போலவே இங்கும் நிகழ்ந்துவந்தது. தோலையும் எலும்பையும் சிதைக்கும் பறங்கிப் புண்ணும் அதே வலயத்தின் நோய்தான். இலங்கையில் மருத்துவக் கல்வியும், பின்னர் பொதுச் சுகாதாரக் கல்வியும் தோன்றுவதற்கான முதற்காரணங்களுள் ஒன்று இத்தகைய ஊர்களின் நோய்களே. அக்கல்விக்கான பணமும் ஆளும் சேர்ந்த இடங்களோ எப்போதும் வேறாகவே இருந்தன.

19ஆம் நூற்றாண்டின் அரசாங்கம் தம்பலகாமத்தை அறியாமல் இருந்துவிடவில்லை. குடாவில் விளைந்த, கண்ணாடித் தகடு போன்ற மெல்லோடுகொண்ட சிப்பி சிறு முத்துகளைத் தருவதாக இருந்ததால், இலங்கையிற் பிறந்து படை மருத்துவராகப் பணியாற்றிய எட்வேட் பிரடெரிக் கெலார்ட் 1850களில் அதனை ஆராய்ந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹோர்னல் அதே சிப்பிக்கெனத் தனி அறிக்கையே எழுதினார். வைத்தியர் ஒருவர் காய்ச்சல் நிலத்துக்குச் சிப்பி பார்க்க வந்தார் என்பதிற் குறைகூற ஒன்றுமில்லை. வருமானம் தரக்கூடியதை ஆராயப் பணம் ஒதுக்குவது எந்தக் கருவூலத்துக்கும் எளிது.

நோயைப் பற்றிய கவலை வடக்கே முந்தியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலேயே மருத்துவ வகுப்பைத் தொடங்கி, மானிப்பாயை அதன் நிலையான இடமாக்கினார். அவர் எதிர்கொண்ட இடர், இன்றைய பீடாதிபதிகள் எவரும் உடனே அடையாளம் காணக்கூடியது. ஆங்கிலத்திற் பயின்ற மாணவர், பயிற்சி முடிந்ததும், சம்பளமும் மதிப்பும் கிடைக்கும் அரசாங்க வேலையையும் நகரத்தையும் நாடினர். எந்தக் கிராமங்களுக்காக அவர்கள் பயிற்றப்பட்டார்களோ அந்தக் கிராமங்கள் முன்போலவே நின்றன. கிறீன் கண்ட பரிகாரம் பயிற்றுமொழியைத் தமிழாக்குவது. 1862இல் தாயகத்திலிருந்து மீண்டு வந்தபின், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் ஆகிய துறைகளின் பெருநூல்களை மாணவர் துணையோடு தமிழாக்கி அச்சிட்டார். அவரிடம் பயின்று வெளியேறிய அறுபதுக்கும் மேற்பட்டோரில் பாதிக்கும் அதிகமானோர் தமிழிற் கற்றவர்கள். இந்த ஏற்பாட்டை மொழிப்பற்றின் வெளிப்பாடாகவே போற்றும் வழக்கம் தமிழரிடையே உண்டு. அது ஓர் ஆளணிக் கொள்கையாகவும், அதாவது பயிற்றப்பட்டவர் எங்கே தங்குவார் என்பதைப் பயிற்சிக்கு முன்பே தீர்மானிக்கும் முயற்சியாகவும் இருந்தது என்பதே கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. ஆனால் வகுப்பு முழுவதும் ஒரே மனிதரின் தோளில் நின்றது. 1873இல் அவர் நாடு திரும்பியபின், அது நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அதற்குள் கொழும்பில் அரசாங்கப் பள்ளி எழுந்துவிட்டது. வட மாகாணத்தின் குடியேற்ற நாட்டு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லூஸ், வன்னிக் கிராமங்கள் ஏன் ஆளற்றுப் போகின்றன என்பதை 1860களின் பிற்பகுதியில் ஆராய்ந்து, பறங்கி நோயும் மருத்துவ வசதியின்மையும் அதற்குக் காரணங்கள் என்றும், உள்நாட்டிலேயே மருத்துவரைப் பயிற்றவேண்டும் என்றும் பரிந்துரைத்தார். ஆளுநர் சேர் ஹெர்குலிஸ் றொபின்சனின் ஆட்சியில் 1870இல் கொழும்பு மருத்துவப் பள்ளி 25 மாணவரோடு திறக்கப்பட்டபோது, லூஸே அதன் முதல் அதிபரானார். உலர் வலயத்தின் நோய் தலைநகரில் ஒரு கல்லூரியாயிற்று என்று இதனைச் சுருக்கலாம். எனினும் கல்லூரி தலைநகரிலேயே தங்கிவிட்டது.

லூஸுக்குப்பின் 1870களின் நடுப்பகுதியில் பொறுப்பேற்ற ஈ. எல். கொச் காலத்திற் பள்ளியை மூடிவிடும் பேச்சு எழுந்தது. சில ஆண்டுகளே ஆன நிறுவனம், சொந்தக் கட்டடம் போதாது, கற்பிப்போரும் மருத்துவமனைக் கடமையைச் சுமந்தபடியே பாடம் எடுத்தவர்கள்; சிக்கனம் பேசும் நிருவாகத்துக்கு இத்தகைய நிறுவனமே முதலிற் கண்ணிற்படும். பள்ளியின் விளைவு அரசாங்கத்துக்கு நிறைவளித்ததால் அது தப்பியது. முதலியார் சாம்சன் ராஜபக்ஷ, சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா ஆகிய செல்வந்தரின் கொடைகள் நிலமாகவும் கட்டடமாகவும் வந்தன. கொச் 1877 டிசம்பரில், பிணப் பரிசோதனையின்போது தொற்றிய நச்சுக் குருதியால் இறந்தார். ஆளணி மெலிந்த கல்லூரியில் அதிபரே பிணவறையிலும் வேலைசெய்ய வேண்டியிருந்தது என்ற செய்தி அம்மரணத்திற் பொதிந்திருக்கிறது. 1881இல் அவர் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம் இன்றும் கின்சி வீதியில் நிற்கிறது. அவ்வீதியின் பெயருக்குரிய டபிள்யூ. ஆர். கின்சி, பிரதான குடிசார் மருத்துவ அதிகாரியாக இருந்து, அதே 1881இல் பறங்கி நோய்பற்றி அறிக்கை எழுதியவர்.

மருத்துவமனைக்கு வருபவரைக் குணமாக்கும் கல்வியும், வராதவரின் கிணற்றையும் கழிப்பிடத்தையும் பிள்ளைப்பேற்றையும் கவனிக்கும் கல்வியும் ஒன்றல்ல. இரண்டாவதே பொதுச் சுகாதாரக் கல்வி. இலங்கையில் அதற்கு உரிய களம் 1926இல் களுத்துறையில் அமைந்தது. றொக்பெல்லர் நிறுவனத்தின் பன்னாட்டுச் சுகாதாரச் சபை, டபிள்யூ. பி. ஜேக்கொக்ஸை அனுப்பி அரசாங்கத்தோடு சேர்ந்து நிறுவிய ‘சுகாதார அலகு’ என்பது, வரையறுத்த ஒரு நிலப்பகுதியின் மக்கள் அனைவரையும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் விட்டு, அவருக்குக் கீழே பரிசோதகரையும் பொதுச் சுகாதாரத் தாதியரையும் மருத்துவிச்சியரையும் வீடுவீடாக அனுப்பும் ஏற்பாடு. கிராமத்து மக்களின் பேச்சில் இன்றும் ‘பி.எச்.ஐ. ஐயா’ என்றும் ‘மிட்வைப் அம்மா’ என்றும் வழங்கும் பதவிகள் உருப்பெற்றது இந்த அமைப்பிற்றான். களுத்துறை அலகே பயிற்சிக்கூடமும் ஆகி, பின்னாளில் தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனமாக வளர்ந்தது.

றொக்பெல்லர் நிறுவனத்தின் பணவழக்கம் இங்கே விளக்கத்துக்குரியது. அது எந்த நாட்டிலும் முழுச்செலவையும் ஏற்பதில்லை. தொடக்கத்தில் ஒரு பங்கைத் தந்து, ஆண்டுதோறும் அதனைக் குறைத்து, இறுதியில் உள்ளூர் அரசாங்கத்தின் தலையிலேயே முழுச்சுமையையும் வைத்துவிடும். கொடையாளர் விலகும் நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தமையால், பதவிகளை நிரந்தர ஆளணிப் பட்டியலிற் சேர்த்துக்கொள்ள அரசாங்கம் நிர்ப்பந்திக்கப்பட்டது. பிற்காலத்தில் வந்த வெளிநாட்டுத் திட்டங்கள் பல, பணம் நின்றதும் ஆட்களும் மறைந்த கதையாக முடிந்ததை நோக்கும்போது, களுத்துறை ஏற்பாடு கண்டிப்பானதாயினும் நேர்மையானது.

1934–35இல் மலேரியாப் பெருங்கொள்ளை ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அது மிகக் கடுமையாகத் தாக்கியது உலர் வலயத்தையன்று. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகச் சுருங்கிய கேகாலை, குருநாகல் பக்கங்களிலேயே சாவு மலிந்தது. ஆண்டுதோறும் காய்ச்சலோடு வாழ்ந்த உலர் வலய மக்களிடம் ஓரளவு எதிர்ப்பாற்றல் ஊறியிருந்தது. தம்பலகாமம் போன்ற ஊர்கள் தலைமுறைகளாக ஓசையின்றிச் சுமந்த நோய், அடர்த்தியாக மக்கள் வாழ்ந்த தென்மேற்கை எட்டிய பின்னரே அரசியல் விவகாரமாயிற்று. சுகாதாரச் செலவும் அலகுகளின் பரவலும் அதன்பின்னர் வேகம்பெற்றன. 1946இல் டி.டி.ரி. என்ற கொசுக்கொல்லித் தெளிப்பு நாடு முழுவதும் விரிந்தபோது, ஆயிரம் பேருக்கு 20 என்ற அளவில் இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலேயே 14 அளவுக்கு வீழ்ந்தது. கந்தளாயைச் சுற்றி அடுத்த பத்தாண்டுகளில் எழுந்த குடியேற்றங்கள் இந்த மருந்துப் புகையின் பின்னாலேயே வந்தன.

1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றியின் உச்சமான அந்த எண்ணே வீழ்ச்சியின் தொடக்கமுமாயிற்று. தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது, நோயாளரே இல்லாத நோய்க்கு ஆளும் வண்டியும் எதற்கு என்ற கேள்விக்குக் கருவூலத்தின் முன் விடைசொல்வது கடினமாயிற்று. 1967இன் பிற்பகுதியில் தொடங்கிய கொள்ளை, 1969ஆம் ஆண்டில் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படுக்கவைத்தது. பொதுச் சுகாதாரத்துக்குத் தலைமை தாங்குவோர் அனைவருக்கும் உரிய இக்கட்டு இதிலே தெளிவாகிறது: அறுவைக் கூடத்தின் பயனை நோயாளியின் உடலிற் காட்டலாம், வராமற்போன காய்ச்சலை எந்த வரவுசெலவுக் கூட்டத்திலும் காட்ட முடியாது.

மருத்துவக் கல்லூரி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பீடமாயிற்று. பொதுச் சுகாதாரப் பேராசிரியரான ஓ. ஈ. ஆர். அபயரத்ன அதன் பீடாதிபதியாக இருந்த காலத்தில், 1962இல், பேராதனையில் இரண்டாம் பீடம் திறக்கப்பட்டது. மருத்துவர் தொகையைப் பெருக்கும் முயற்சியை நோய்தடுப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் முன்னின்று நடத்தியது தற்செயலாக இராது. 1978இல் யாழ்ப்பாணப் பீடம் வந்தபோது, அங்கே சமுதாய மருத்துவத்தைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம், ‘நந்தி’ என்ற பெயரில் தமிழ்ப் புனைகதை வாசகர் அறிந்தவர் அவரே. தாய் சேய் நலத்தைப்பற்றி எளிய தமிழில் நூல்களும் எழுதினார். உள்நாட்டுப் போர் முற்றிய ஆண்டுகளிற் புலம்பெயர்வால் விரிவுரையாளர் குறைந்தனர். போதனா மருத்துவமனையின் அரசாங்க நிபுணர்கள் வருகைதரு விரிவுரையாளராகப் பாடச்சுமையைத் தாங்கினர். தொகுதி தொகுதியாக மாணவரின் படிப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தின் மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது பீடமும் பெயர்ந்தது.

தம்பலகாமம் அடங்கிய கிழக்கு மாகாணத்தின் மக்களை நோக்கிய பல்கலைக்கழகச் சுகாதாரக் கல்வி மிகப் பிந்தியே வந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் 2006இல் மட்டக்களப்பிற் கற்பித்தலைத் தொடங்கியபோது, போர் மீண்டும் மூண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரிற் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரே கொழும்பிற் காணாமற்போனார். அத்தகைய நிலையில் ஓர் இளம் பீடத்துக்குப் பிற மாகாணத்து ஆசிரியரை அழைப்பது எத்துணைக் கடினம் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. திருகோணமலை வளாகத்தின் பங்கில் வந்தது சித்த மருத்துவக் கல்வி.

மலேரியாவின் முடிவு, வியப்பாக, இதே காலத்தில் நிகழ்ந்தது. 1999இல் நோயாளர் தொகை இரண்டரை இலட்சத்துக்கும் மேலிருந்தது, அதன் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்தது; 2005இல் அத்தொகை 2,000க்கும் கீழே இறங்கிற்று. 2012 ஒக்டோபருக்குப்பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்றாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆறு மாதங்கள் கழித்து, 2017 மார்ச்சில், தம்பலகாமத்துக் குடாவின் வாய்ப்புறத்தில் உள்ள கிண்ணியாவில் டெங்கு உயிர்களைப் பறித்தது. அவ்வாண்டு நாடு முழுவதும் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்கு ஐயத்துடன் பதிவாயினர். வயலோரக் காய்ச்சலுக்குப் பயிற்றப்பட்ட கண்கள் இப்போது வீட்டு வாசலிற் கிடக்கும் சிரட்டையையும் பழைய டயரையும் தேடவேண்டியிருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப்பின் மருத்துவரும் விரிவுரையாளரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறியபோது, கிறீன் 1864இல் விடைதேடிய அதே கேள்வி, பயிற்றப்பட்டவரைத் தங்கவைப்பது எப்படி என்பது, பீடாதிபதிகளின் மேசைக்குத் திரும்பியது. ஓடிப்போகும் தூரம்தான் இம்முறை கொழும்போடு நிற்கவில்லை.