குட்டி கொடுப்பவர் கேட்கும் கேள்விகள்

கோவில்பட்டி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் கன்னி இன நாய்க்குட்டியை ஒரு காலத்தில் விலைக்குக் கொடுக்கமாட்டார்கள். நன்றாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுத்தவருக்கே கொடுப்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீரோடு சேர்த்து அனுப்புவதும் உண்டு. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா அந்தச் சீமைக்காரர். "பொண்ணு கேட்டு வர்ற வீட்டை விசாரிக்கிற மாதிரி, குட்டி கேட்டு வர்றவனையும் விசாரிப்பாங்க" என்பார். நான் ஜோர்ஜ் டவுனில் ஒரு விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். குட்டி வாங்க யோசனை கேட்டு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த வழக்கத்தைத்தான்.

அந்தக் கரிசல் பக்கத்து நாய் இனங்களுக்கு வேலை இருந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டு விரட்டிப் பிடிக்கும். ராஜபாளையம் வீட்டையும் தோட்டத்தையும் காக்கும், காட்டுப்பன்றி வேட்டைக்கும் போகும். எது ஓடும், எது எதிர்த்து நிற்கும் என்பது காட்டில் இறங்கினால் தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஈத்துக்கு இணை சேர்த்தார்கள். 1972இல் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை குற்றமாயிற்று. அதன்பின் நாயை மதிப்பிடத் தோற்றம் மட்டுமே மிஞ்சியது.

எல்லோருக்கும் பிடித்தது வெள்ளை. ராஜபாளையம் இனத்தில் பழுப்பும் வரியும் புள்ளியும் இருந்தன. ஆனால் கேட்டு வந்தவர்கள் பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் வேண்டும் என்றார்கள். நிறக்குட்டிகளைப் பிறந்த உடனே கழித்துவிடும் பழக்கம் வந்தது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் அது பெரிய பெருமை. அந்த வெள்ளையோடு கூடவே வந்த செவிட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

நிறம் தரும் செல்கள் தோலுக்கு மட்டுமல்ல, உட்காதுக்கும் வேண்டும். அவை இல்லாத காதில், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் உறுப்பு சிதைந்துவிடுகிறது. டால்மேஷியனுக்கும் இதே கேடு உண்டு. கூடப்பிறந்தவற்றோடு இருக்கும்வரை செவிட்டுக் குட்டியை அடையாளம் காண்பது கடினம். தாய் வரும் அரவத்தில் மற்றவை எழுந்தால் அதுவும் எழும். அவை ஓடினால் பின்னாலேயே ஓடும். தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். தரை அதிர்வதால் விழித்துக்கொள்ளும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஐந்தாறு வாரம் ஆனபின் தலையில் மின்முனை பொருத்திச் செய்யும் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். வாங்குகிறவர்களின் ஆசை நாயின் உடம்புக்குள்ளேயே போய்விடும் என்பதை எனக்குப் புரியவைத்தது ராஜபாளையம்தான்.

பினாங்கிலும் அதையேதான் பார்த்தேன். நீலக்கண்ணுக்காக வாங்கிய ஹஸ்கி, ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், மத்தியான வெயிலில் சிமெண்டுத் தரையோடு வயிற்றை ஒட்டிப் படுத்துக் கிடந்தது. உள்ளங்கையளவு பூடில் வேண்டும் என்பவர்களுக்காக ஐந்தாம் வாரமே தாயைப் பிரித்த குட்டிகள், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு எங்கள் மேசைக்கு வந்தன. 2015 செப்டம்பரில் இங்கே வெறிநாய்க்கடி நோய் உறுதியானதும் தெருநாய்களைக் கொல்ல மாநில அரசு உத்தரவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. தெருவில் திரிந்தவற்றில் கழுத்துப்பட்டைத் தடம் அழியாதவையும் இருந்தன, யாரோ ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கியவை.

2017இல் நடைமுறைக்கு வந்த மலேசிய விலங்கு நலச் சட்டப்படி, விலங்குகளை வைத்துத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் நல்ல பிரீடரை அதற்கும் முன்னால் அவர் கேட்கும் கேள்விகளே காட்டிவிடும். பாலிக் புலாவில் கோல்டன் ரெட்ரீவர் வளர்க்கும் ஒரு சீன அம்மாவிடம் ஒரு குடும்பத்தை அனுப்பினேன். பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள், வேலி எவ்வளவு உயரம், வாடகை வீடா, முன்பு வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். "காசு குடுக்கிறது நாங்க, எங்களையே விசாரிக்கிறாங்களே அண்ணே" என்று கோபத்தோடு திரும்பி வந்தார்கள். தாத்தா ஊரின் வழக்கம் பாலிக் புலாவில் உயிரோடு இருப்பதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான்.

நல்ல பிரீடரிடம் எதை எதிர்பார்க்கலாம்? தாயைக் காட்டுவார். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தரமாட்டார். நாய் சினைப்பட்டு ஈன ஏறக்குறைய 63 நாள், அதன்மேல் எட்டு வாரம் என்றால் இணை சேர்த்ததிலிருந்தே நாலு மாதம். ஆகவே கேட்ட அன்றே கிடைக்காது. முதல் தடுப்பூசி போட்டிருப்பார். மிச்ச ஊசிகளைப் பதினாறு வாரம்வரை போடவேண்டியது வாங்கியவர் கடமை. அதுவரை பார்வோ வைரஸ் நோய் வரும் பயம் உண்டு. தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் காட்டுவார், அதனால் குட்டிக்கு இடுப்புக் கோளாறு வரும் வாய்ப்பு குறையும். வரவே வராது என்று எந்த நேர்மையான ஆளும் சொல்லமாட்டார். குணத்துக்கும் யாரும் உத்தரவாதம் தரமுடியாது, பாதி உங்கள் வீட்டில்தான் உருவாகிறது.

கடைசியாக, ஒப்பந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: வளர்க்க முடியாமல் போனால், எத்தனை வயதானாலும், நாயை எனக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். அதை எழுதித் தரத் தயங்குபவரிடமிருந்து குட்டி வாங்காதீர்கள்.