தர்ஜினி சென்ற பாதையும் ஊவாத் தோட்டங்களின் மாணவியரும்

ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களில் ஒரு பெண் வெளிநாடு போயிருக்கிறாள் என்று சொன்னால், என்ன தொழிலுக்கு என்று எவரும் கேட்பதில்லை. பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை என எப்பகுதியை எடுத்துக்கொண்டாலும் அச்சொல்லுக்கு மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண் வேலை என்பதே பொருளாகிவிட்டது. அவ்வாறு சென்ற தாய்மாரின் உழைப்பினால் பல பிள்ளைகள் படித்து முன்னேறியுள்ளனர் என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் இந்நாட்டின் தமிழ்ப் பெண்ணொருவர் விளையாட்டு வீராங்கனையாக அழைக்கப்பட்டு வெளிநாட்டுக் கழகமொன்றில் ஆடிய வரலாறும் நம்மிடையே உண்டு. அவ்வரலாற்றைப் பதுளை மாவட்ட மாணவியரும் பெற்றோரும் அறிந்திருப்பது அவசியமாகும்.

யாழ்ப்பாணத்தில் 1979ஆம் ஆண்டு பிறந்த தர்ஜினி சிவலிங்கமே அவ்வீராங்கனை. அவரது உயரம் 208 சென்ரிமீற்றர். வலைப்பந்தாட்டத்தில் உலகின் மிக உயரமான வீராங்கனை என அறியப்பட்ட அவர், மெல்பேர்ன் நகரின் சிற்றி வெஸ்ட் பல்கன்ஸ் அணிக்காக அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக் போட்டிகளில் விளையாடினார். வலைப்பந்தாட்டத்தில் உலகின் முதல்நிலை நாடாகக் கருதப்படும் அவுஸ்திரேலியாவில் இலங்கை வீராங்கனை ஒருவருக்கு இடம் கிடைத்தமை சாதாரண விடயமன்று.

வலைப்பந்தாட்டத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டமேயாகும். 1891ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம், சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் மகளிர் கல்லூரிகளுக்குச் சென்று வேறு வடிவம் பெற்றது. பந்தைத் தரையில் தட்டிச் செல்லும் முறையும் வளையத்தின் பின்பலகையும் நீக்கப்பட்டன. அணிக்கு எழுவர் என்பதும் ஒவ்வொருவரும் தமக்குரிய எல்லைக்குள் மாத்திரமே நடமாடலாம் என்பதும் விதிகளாயின. நியூசிலாந்தில் இவ்விளையாட்டு 1970ஆம் ஆண்டு வரை மகளிர் கூடைப்பந்தாட்டம் என்றே அழைக்கப்பட்டு வந்தது. நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒருமுகப்படுத்தி சர்வதேச சம்மேளனத்தை அமைப்பதற்கான கூட்டம் 1960ஆம் ஆண்டு இலங்கையிலேயே நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. 1963ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற முதலாவது உலகப் போட்டியிலும் இலங்கை பங்குபற்றியது.

வலைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் உள்ளது. தர்ஜினியின் தலைக்கு மேல் ஒரு மீற்றருக்கும் குறைவான தூரமே அது. எனினும் உயரம் மாத்திரம் வெற்றியைத் தந்துவிடாது. பந்தைக் கையிலெடுத்த மூன்று வினாடிகளுக்குள் எறிந்துவிட வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டு, தடுப்பாளர்களின் நெருக்குதலுக்கு மத்தியில் பிசகாது குறிபார்க்கும் ஆற்றலே அவரை உலகறியச் செய்தது. 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இலங்கை ஐந்தாவது தடவையாக ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும், 2022ஆம் ஆண்டு ஆறாவது தடவையாக வென்றபோதும் அவர் அணியின் தூணாக விளங்கினார். 2019ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்களைப் போட்டு, அத்தொடரில் அதிக கோல்களைப் பெற்ற வீராங்கனையானார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

ஆனால் அதே தொடரில் பதினாறு அணிகளுள் இலங்கைக்குக் கிடைத்தது பதினைந்தாவது இடமேயாகும். உலகின் அதிகூடிய கோல்களைப் பெற்றவர் நம்மிடம் இருந்தும் அணி கடைசிக்கு முந்திய இடத்தில் நின்றமைக்குக் காரணம் யாது? ஆற்றலுள்ள ஒருவரைத் தற்செயலாகக் கண்டெடுப்பதில் திருப்தியடையும் நாடாக நாம் இருந்து வருவதே காரணம் என்போம். தர்ஜினியும் அவ்வாறு கண்டெடுக்கப்பட்டவரே. பாடசாலைக் காலத்தில் அவரது உயரம் பிறரின் கேலிக்கே இலக்கானது. கிழக்குப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பின்னரே வலைப்பந்தாட்டம் அவருக்கு வசப்பட்டது. பல்கலைக்கழக அனுமதி கிடைத்திராவிட்டால் அந்த 348 கோல்களும் இல்லை. பின்னர் செலான் வங்கி அணிக்காக அவர் ஆடினார். விளையாட்டுத் திறமை வாழ்க்கைக்கும் துணைநிற்கும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

வெளிநாட்டுக் கழகத்தில் ஆடுவது எப்போதும் மலர்ப்பாதையன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை டயானா டவுராசி, தமது ரஷ்யக் கழகம் வழங்கிய பெருந்தொகையை ஏற்று, 2015ஆம் ஆண்டு தாய்நாட்டு லீக்கில் ஆடாது ஓய்வெடுத்தார். 206 சென்ரிமீற்றர் உயரமுடைய பிரிட்னி கிரைனர் முதலில் சீனாவிலும் பின்னர் ரஷ்யாவிலும் ஆடியவர். 2022ஆம் ஆண்டு அமெரிக்க லீக்கில் ஒரு வீராங்கனைக்கான உச்ச சம்பளம் சுமார் 2 இலட்சத்து 28 ஆயிரம் டொலர் மாத்திரமே. ரஷ்யாவில் அதனிலும் பன்மடங்கு கிடைத்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் மொஸ்கோ விமான நிலையத்தில் கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகக் கைதான கிரைனர், ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தின் மூலமே வீடு திரும்பினார். செல்வந்த நாட்டின் வீராங்கனைகளையும் கடல் கடக்கச் செய்தது ஊதியமே. எனினும் திறமையும் ஒப்பந்தமும் கையிலிருப்பவருக்குத் தெரிவு செய்யும் உரிமை உண்டு. நமது தோட்டப் பெண்களுக்கு இல்லாதிருப்பது அந்த உரிமைதான்.

ஊவாத் தோட்டங்களின் நிலை என்ன? நமுனுகுலையிலோ தெமோதரையிலோ மலைச்சரிவில் அமைந்த தோட்டப் பாடசாலை ஒன்றை நினைத்துப் பாருங்கள். கட்டடமே படிக்கட்டுப் போல் நிற்கும் இடத்தில் பந்து உருளாத சமதரைக்கு எங்கே போவது? தாய் மலையிலிருந்து கொழுந்து நிறுத்துத் திரும்பும் வரையில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளைக்குரியது. பாடசாலை முடிந்த பின் பயிற்சிக்கு நின்றால் கடைசி பஸ் போய்விடும். வயதுக்கு வந்த பெண் குட்டைப்பாவாடை அணிந்து மைதானத்தில் ஓடுவதா என்ற கேள்வியும் சில லயங்களில் இன்னும் எழத்தான் செய்கின்றது. இவற்றையெல்லாம் கடந்து வலய மட்டப் போட்டிக்கு வரும் மாணவியரும் உண்டு. அவர்களது பெயர்கள் மறுவருடமே மறக்கப்பட்டு விடுகின்றன.

வீடே பாதுகாப்பில்லாத மக்களுக்கு விளையாட்டு மைதானம் ஒரு கேடா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததைப் பதுளை மாவட்டம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின் போதும் இம்மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. பாதுகாப்பான காணியும் வீடுமே முதற் தேவை என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் பார்ப்போம். வலைப்பந்தாட்டத் தளத்தின் நீளம் 30.5 மீற்றர், அகலம் 15.25 மீற்றர். பேர்ச் கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ பதினெட்டரைப் பேர்ச். தோட்ட வீடமைப்பில் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் என்ற அளவில் காணி வழங்கப்பட்டு வந்தது. ஆகவே மூன்று வீடுகளுக்குரிய காணியை விடக் குறைவான நிலமே ஒரு தளத்திற்குப் போதுமானது. புதிய குடியிருப்புகளுக்குக் காணி தெரிவு செய்யப்படும்போது இச்சமதரையையும் சேர்த்தே ஒதுக்கினால், சாதாரண நாட்களில் பிள்ளைகள் ஆடலாம், இடர் வேளையில் மக்கள் ஒன்றுகூடவும் அது உதவும்.

கிரிக்கெட்டுக்கோ உதைபந்தாட்டத்திற்கோ தேவைப்படும் பரந்த மைதானம் இதற்கு வேண்டியதில்லை. இரண்டு கம்பங்களும் இரண்டு வளையங்களும் ஒரு பந்தும் போதும். மலைநாட்டிற்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எது?

எனவே ஊவா மாகாணக் கல்வித் திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இவ்விடயத்தில் கவனம் செலுத்த வேண்டும். ஒவ்வொரு கல்வி வலயத்திலும் பெண் பயிற்றுநர் ஒருவரேனும் தோட்டப் பாடசாலைகளுக்கெனப் பொறுப்பாக இருத்தல் வேண்டும். பயிற்சி நாட்களில் மாணவியர் வீடு திரும்ப வாகன வசதி செய்யப்படல் வேண்டும். தலைசிறந்த விளையாட்டுத் திறமை பல்கலைக்கழக விசேட அனுமதிக்கும் தொழில் வாய்ப்புக்கும் உதவும் என்பதைப் பெற்றோருக்கு அதிபர்கள் எடுத்துரைக்க வேண்டும். எல்லா மாணவியரும் தர்ஜினி ஆகிவிட மாட்டார்கள், ஆகவும் தேவையில்லை. பத்து வயதில் பந்தைத் தொட வேண்டிய பிள்ளை இருபது வயது வரை அதைத் தொடாமலே போகும் நிலை மாறினால் அதுவே போதுமானது.

வகுப்பில் எல்லோரிலும் உயரமாக இருப்பதனால் கூனிக்குறுகிக் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் சிறுமி ஒருத்தி இன்றும் ஏதோவொரு தோட்டப் பாடசாலையில் இருக்கவே செய்வாள். அவளை எழுந்து நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையில் ஒரு பந்தைக் கொடுப்பது யார்? அதற்கான பதிலை ஊவாவின் கல்விச் சமூகமே கூற வேண்டும்.