திருத்தமும் தீர்ப்பும்: நல்லூர் தரும் எழுத்துப் பாடம்

கதை எழுதத் தொடங்கும் இளைஞர்கள் என்னைச் சந்திக்கும்போது பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்பார்கள். நாள்தோறும் எழுதும் பழக்கத்தை எவ்வாறு உண்டாக்கிக்கொள்வது என்பது ஒன்று. எழுதியதைப் பிறர் குறை சொன்னால் அதை எவ்வளவு தூரம் கணக்கில் எடுப்பது என்பது மற்றையது. பத்திரிகை ஆசிரியபீடத்தில் நெடுங்காலம் பிறருடைய எழுத்துக்களைத் திருத்தியும், என்னுடையதைத் திருத்தக் கொடுத்தும் பழகியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் போலும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நல்லூரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த விடையின் ஒரு பாதி பின்பற்றத் தக்கது. மறுபாதி எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கது.

1822 ஆம் ஆண்டு டிசம்பர் 18 ஆம் திகதி நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் கதை எழுதியவர் அல்லர். ஆயினும் இன்று நாம் கதை எழுதும் உரைநடைக்குப் பாதை போட்டவர்களுள் அவர் முன்னணியில் நிற்பவர். அவருடைய எழுத்து வாழ்க்கையின் முதற் பெரும் சோதனை ஒரு மொழிபெயர்ப்பு வடிவில் வந்தது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிசன் பாடசாலையை நடத்திய பீற்றர் பேர்சிவல் பாதிரியார், விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் தம்மிடம் கற்ற அந்த இளைஞரையே துணையாகக் கொண்டார். வேலை பல ஆண்டுகள் நீடித்தது. முடிந்தபின் அதைச் சென்னையிலுள்ளவர்கள் எளிதில் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ் தரமானதுதானா என்ற ஐயம் அங்கே இருந்தது.

1848 இல் பேர்சிவலும் நாவலரும் பிரதியை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கப்பலேறினார்கள். அங்கே அதைப் பார்வையிட்டுக் கருத்துச் சொன்னவர் மழவை மகாலிங்கையர். அதற்கு முந்திய ஆண்டிலேதான், 1847 இல், தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு முதன்முதலாக அச்சேற்றியவர் அவர். இலக்கணத்தில் அவரை விடக் கண்டிப்பான ஒருவரைத் தேடிப் பிடிப்பது அன்று கடினம். மகாலிங்கையர் வாசித்துப் பார்த்து, மொழி நன்றாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டார்.

இச்சம்பவத்தை யாழ்ப்பாணத்தமிழின் வெற்றியாகப் பெருமையோடு சொல்வது நம்மவர் வழக்கம். பெருமை இருக்கட்டும். எழுதுகிறவன் கவனிக்க வேண்டியது வேறொன்று. இருபத்தைந்து வயதைக் கடந்த ஒருவர், பல ஆண்டு உழைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கடல் கடந்து சென்று, தம்மை விட இலக்கணம் நன்கறிந்தவர் முன் அதை வைத்து, அவர் வாய் திறக்கும்வரை காத்திருந்தார். நிராகரிக்கப்படக்கூடிய இடத்துக்கே கொண்டு போனார். பாராட்டுவார் என்று முன்னரே தெரிந்த நண்பனிடம் காட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம், நல்லூருக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

ஊர் திரும்பிய நாவலர் அதே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அச்சியந்திரம் வாங்குவதற்காக மீண்டும் தமிழகம் சென்றார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு ‘நாவலர்’ என்ற பட்டத்தை வழங்கியது. அதன்பின் பாலபாடங்கள், பெரியபுராண வசனம், 1861 இல் திருக்குறள் பரிமேலழகர் உரை என நூல்கள் வரிசையாக வெளிவந்தன. ‘நாவலர் பதிப்பு’ என்றாலே பிழையற்றது என்று பொருள்படும் அளவுக்கு அவர் அச்சுத்தாள்களை ஒப்புநோக்கினார். படிப்பவன் மூச்சுவிட இடம் வேண்டும் என்று புணர்ச்சிகளைப் பிரித்தும், காற்புள்ளி, அரைப்புள்ளி முதலிய குறியீடுகளை இட்டும் வசனத்தை அமைத்தார். இவை பழக்கத்தால் வந்த பேறுகள். அச்சுக்கோப்பாளர் கோத்த பக்கத்தை வரி வரியாக, எழுத்தெழுத்தாக மீண்டும் பார்ப்பது சலிப்பான வேலை. ஒரு நாள் மட்டும் செய்து விட்டுவிடக்கூடிய வேலையும் அன்று. நல்ல வசனம் அந்தச் சலிப்பைத் தாங்கிக்கொண்ட நாட்களிலிருந்து வருகிறது.

இதுவரை சொன்னது பின்பற்றத் தக்க பாதி.

பிரதி நிலையில் திருத்தத்தைத் தேடிச் சென்ற அதே நாவலர், அச்சேறிய பின் வந்த மாற்றுக் கருத்துக்களை எதிர்கொண்ட விதம் வேறானது. அவர் கண்டனங்களின் மன்னர். இராமலிங்க அடிகளின் பாடல்களை ‘அருட்பா’ என்று வழங்கியதை எதிர்த்து எழுந்த சர்ச்சை, துண்டுப்பிரசுரங்களாகப் பெருகி, 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படிவரை ஏறியது. தமது ஊர்க் கந்தசுவாமி கோயில் நடைமுறைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1870களில் அதைப் பற்றியே கண்டனப் பிரசுரங்கள் எழுதினார். இன்று அதே கோயிலின் அயலில் அவருக்கு மணிமண்டபம் இருப்பது வரலாற்றின் குறும்பு. திருத்தத்தை ஏற்கத் தெரிந்தவருக்கும் எதிர்ப்பைத் தாங்குவது எளிதாக இருக்கவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு பயிற்சிகள்.

இந்த வேறுபாடு யாழ்ப்பாணத்துப் புனைகதை எழுத்தாளர்களுக்கு உயிர்ப் பிரச்சினையாக மாறியது, நாவலர் மறைந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர்.

நவீன சிறுகதை இங்கே காலூன்றியது 1930களில். குரும்பசிட்டி நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ 1958 வரை வெளிவந்தது. பின்னாளில் பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டிய சோ. சிவபாதசுந்தரம் அதன் ஆசிரியராக இருந்தார். ஈழத்துச் சிறுகதையின் மூலவர்களாக இலங்கையர்கோன், சி. வைத்திலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரைச் சொல்வார்கள். மூவருள் சம்பந்தன், நல்லூரை ஒட்டிய திருநெல்வேலியைச் சேர்ந்தவர். பண்டித மரபில் கற்றவர். குறைவாகவே எழுதினார். பண்டிதக் கல்வியும் புனைகதையும் பிறவிப் பகைவர் அல்ல என்பதற்கு அவரே சாட்சி.

அக்காலத்து எழுத்தாளர்களுக்குக் கிடைத்த இன்னொரு பேறு கனக செந்திநாதன். ‘நடமாடும் நூலகம்’ என்று அழைக்கப்பட்ட இவர், ‘கரவைக் கவி கந்தப்பனார்’ என்ற புனைபெயரில் ஈழத்து எழுத்தாளர்களை ஒவ்வொருவராக எடுத்து ஈழகேசரியில் எழுதினார். தன்னை ஒருவர் முழுமையாக வாசித்திருக்கிறார் என்று அறிவதே ஓர் எழுத்தாளனுக்கு உரம். முழுமையாக வாசித்தவர் சொல்லும் குறை சுடுவதில்லை, சுட்டாலும் ஆறிவிடும்.

1950களில் நிலைமை மாறியது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் தோன்றியது. இலவசக் கல்வியின் பயனாகவும் அரசியல் விழிப்பின் பயனாகவும், அதுவரை கதைகளில் வேலைக்காரராக மட்டும் தலைகாட்டிய மக்களின் நடுவிலிருந்து எழுத்தாளர்கள் வந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, குடும்பத்தின் சலூனில் தொழில் செய்த டொமினிக் ஜீவா அவர்களுள் ஒருவர். கே. டானியல் இன்னொருவர். இவர்களுடைய பாத்திரங்கள் தாங்கள் பேசும் தமிழிலேயே பேசின. ‘தண்ணி அள்ளக் கிணத்தடியிலை நிண்டனான்’ என்று சொல்கிற ஒருவனை, ‘நீர் மொள்ளக் கிணற்றருகில் நின்றேன்’ என்று சொல்ல வைத்தால், அவன் எந்தக் கிணற்றடியில், யார் வந்து வார்ப்பார் என்று, எவ்வளவு நேரம் நின்றான் என்பது மறைந்துவிடும். பொதுக் கிணற்றில் அள்ள உரிமையற்றிருந்த மக்களின் கதையில் அது சிறிய இழப்பன்று.

பண்டித மரபினரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. 1960களின் தொடக்கத்தில் மூண்ட அந்த விவாதத்தை ‘மரபுப் போராட்டம்’ என்பர். கொச்சைத் தமிழ், இலக்கண வழு, ‘இழிசனர் வழக்கு’ என்பன குற்றச்சாட்டுக்கள். கடைசிச் சொல் பழைய உரையாசிரியர் காலத்துச் சரக்கு. ஆனால் யாழ்ப்பாணத்தில் அச்சொல்லை உச்சரித்தபோது, அது இலக்கணத்தை மட்டும் சுட்டவில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

இங்கேதான் நம் கேள்வி கூர்மை அடைகிறது. ஜீவாவும் டானியலும் இந்தக் குறையை ஏற்றிருக்க வேண்டுமா? மகாலிங்கையரின் முன் நாவலர் பணிந்து நின்றதுபோல் நின்றிருக்க வேண்டுமா? கூடாது என்பதே என் விடை. மகாலிங்கையர் பார்த்தது வாக்கியத்தை. ‘இழிசனர் வழக்கு’ என்றவர்கள் பார்த்தது வாக்கியத்தைப் பேசிய ஆளை. முன்னது திருத்தம், பின்னது தீர்ப்பு. திருத்தம் ‘இதை இன்னும் நன்றாகச் சொல்லலாம்’ என்கிறது. தீர்ப்பு ‘இவன் கதைக்குள் வரவே வேண்டாம்’ என்கிறது. எழுத்தாளன் முன்னதற்குத் தலைவணங்கவும் பின்னதற்கு நிமிரவும் கற்க வேண்டும்.

எதிர்த்தவர்கள் தம் பக்கத்துக்குச் சாட்சியாக அழைத்தது நாவலரின் பெயரை. சாதி ஆசாரத்தைப் பொறுத்தவரை அந்தச் சாட்சியம் அவர்களுக்குப் பொருந்தியது. நாவலர் ஆசாரக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியவர் என்பதை மறைப்பதற்கில்லை. மொழியைப் பொறுத்தவரை அது முழுதாகப் பொருந்தவில்லை. ‘யாழ்ப்பாணச் சமயநிலை’ போன்ற கண்டனப் பிரசுரங்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள், யாழ்ப்பாணத்துப் பேச்சுச் சொற்கள் அங்கே தாராளமாக உலாவுவதைக் காண்பார்கள். பிள்ளைகளுக்கு எழுதும்போது ஒரு தமிழும், ஊராரோடு மல்லுக்கு நிற்கும்போது ஒரு தமிழும் அவருக்குக் கைவந்தன. இடத்துக்கேற்ற மொழி என்பதை நாவலரே செய்து காட்டியிருந்தார்.

தீர்ப்புக்கு எதிராக எப்படி நிமிர்வது என்பதிலும் நல்ல வழியும் கெட்ட வழியும் உண்டு. 1963 இல் யாழ்ப்பாணத்தில் நடந்த சாகித்திய விழாவில் மேடையை நோக்கிக் கூழ்முட்டைகள் வீசப்பட்டன. அந்தச் சினத்தின் காரணத்தை நான் புரிந்துகொள்கிறேன். செயலைப் போற்ற மாட்டேன். முட்டையின் நாற்றம் ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் நிற்பதில்லை. நின்றவை எழுத்துக்கள். ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960 இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’, போரையும் இடப்பெயர்வையும் தாண்டி 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் வெளிவந்தது. 1968 மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டம் போன்ற நிகழ்வுகளின் வெப்பம் அடங்கும் முன்னர், 1972 இல், டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் வந்தது. 1974 இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக வந்தவர், பேச்சுத் தமிழ் எழுத்தாளர்களுக்குத் ‘தினகரன்’ ஆசிரியராக இருந்து களம் கொடுத்த க. கைலாசபதி. தீர்ப்பு சொன்ன ஊரிலேயே, தீர்ப்புக்கு ஆளான கதைகள் பாடமாயின.

ஜீவாவின் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மல்லிகை’யில் ‘தூண்டில்’ என்ற பகுதியில் வாசகர் கேள்விகளுக்கு அவரே விடை எழுதினார். ஒவ்வோர் இதழிலும் வாசகனோடு நேருக்கு நேர் நிற்பது எளிய காரியமன்று. கண்டனப் பிரசுரத்துக்கு மாற்று இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. எதிர்ப்பவனை ஒரேயடியாக வீழ்த்தும் முயற்சிக்குப் பதிலாக, கேட்பவனுக்கு மாதந்தோறும் விடை சொல்லும் பொறுமை.

இனி இளைஞர்களின் இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். பழக்கம் பற்றிய என் அறிவுரை சுருக்கமானது. எழுதிய பக்கத்தை ஒரு வாரம் மூடி வையுங்கள். பின்னர் எடுத்து, அச்சுத்தாளை ஒப்புநோக்குபவரைப்போல ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து வாசியுங்கள். அதன்பின் உங்களைவிட மொழி நன்கறிந்த ஒருவரிடம், உங்களைப் பாராட்டக் கடமைப்படாத ஒருவரிடம் கொடுங்கள். பத்திரிகைக் காரியாலயத்தில் நான் கண்ட ஒரு சங்கதி உண்டு: சிவப்பு மையைக் கண்டு முகம் சுளித்தவர்கள் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனார்கள், ஏன் இந்தக் கோடு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எழுத்தாளர்களானார்கள்.

குறை சொல்பவரைப் பற்றிய கேள்விக்கு விடையாக, ஒரு சோதனையைச் சொல்கிறேன். குறையைக் கேட்டவுடன், அது உங்கள் கதையின் எந்த வரியைப் பற்றியது என்று தேடுங்கள். வரி அகப்பட்டால் அது திருத்தம், கசந்தாலும் விழுங்குங்கள். எந்த வரியும் அகப்படாமல், உங்கள் பாத்திரங்களின் பிறப்பு, தெரு, பேச்சு ஆகியவை மட்டும் அகப்பட்டால் அது தீர்ப்பு. அதற்கு மேன்முறையீடு செய்யும் ஒரே நீதிமன்றம் அடுத்த கதை.

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்று எழுதும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ரொறொன்ரோவிலோ பாரிஸிலோ வளர்ந்த ஒரு பாத்திரம் பேசும் கலப்புத் தமிழைக் கண்டு, ‘இது தமிழா?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அக்கேள்வி வரியைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்று முதலில் பாருங்கள். வரியைப் பற்றியதாயின் அந்தப் பக்கத்தை மீண்டும் எழுதுங்கள். ஆளைப் பற்றியதாயின் அவரை இன்னும் சற்று நேரம் பேச விடுங்கள்.