கட்சி மாறிய சேர்ச்சில்

பாராளுமன்ற ஜனநாயகம் நிலவும் நாடுகளில் கட்சி தாவல் என்பது பொதுவாக இகழ்ச்சிக்குரிய செயலாகவே கருதப்பட்டு வருகிறது. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பிரித்தானிய அரசியல் தலைவர்களுள் முதன்மையானவராக மதிக்கப்படும் வின்ஸ்டன் சேர்ச்சில், ஒருமுறையல்ல, இருமுறை கட்சி மாறியவர் என்பதைப் பலரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

கன்சர்வேட்டிவ் கட்சியின் நிதியமைச்சராக விளங்கிய ரண்டோல்ஃப் சேர்ச்சிலின் மகனான அவர், 1900ஆம் ஆண்டில் அதே கட்சியின் சார்பில் ஒல்ட்ஹாம் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1903இல் ஜோசப் சேம்பர்லேன், பேரரசுக்கு வெளியிலிருந்து வரும் பொருட்களுக்கு இறக்குமதித் தீர்வை விதிக்கும் திட்டத்தை முன்வைத்தபோது, அது சாதாரண மக்களின் உணவின் விலையை உயர்த்தும் எனக் கூறிச் சேர்ச்சில் கடுமையாக எதிர்த்தார். தொகுதிக் கட்சியினரின் ஆதரவையும் இழந்த அவர், 1904 மே 31ஆந் திகதி லிபரல் கட்சியினரின் ஆசனங்களுக்குச் சென்று அமர்ந்தார்.

இது கொள்கையா, சுயநலமா? சுதந்திர வர்த்தகம் பற்றிய தமது கருத்தை அவர் கட்சி மாறுவதற்கு முன்னரே பகிரங்கமாகக் கூறி வந்தார். அதேவேளை, லிபரல் கட்சிக்கு அப்போது வளர்பிறைக் காலம் என்பதையும் மறுப்பதற்கில்லை. 1905 டிசம்பரில் அக்கட்சி ஆட்சியமைத்ததும் குடியேற்ற நாடுகளுக்கான துணை அமைச்சர் பதவி அவருக்குக் கிட்டியது. ஆனால், கிடைத்த அதிகாரத்தை அவர் வீணாக்கவில்லை. வேலையற்றோருக்கான தொழில் பரிமாற்று நிலையங்களையும், மிகக் குறைந்த கூலி பெற்றோருக்கான ஊதியச் சபைகளையும் 1909இல் சட்டமாக்கியதில் அவரது பங்கு பெரிது.

எனினும் பழைய கட்சி மன்னிக்கவில்லை. 1915இல் கூட்டரசாங்கம் அமைக்கப்பட்டபோது, கடற்படை அமைச்சிலிருந்து சேர்ச்சில் அகற்றப்பட வேண்டும் என்பது கன்சர்வேட்டிவ் கட்சியினரின் நிபந்தனையாக இருந்தது. தார்தனெல்ஸ் போர் நடவடிக்கையின் தோல்வி அதற்கு வலுச் சேர்த்தது.

1922இலும் 1923இலும் தேர்தலில் தோல்வியுற்ற அவர், 1924 தொடக்கத்தில் தொழிற்கட்சி ஆட்சியமைக்க லிபரல்கள் இடமளித்ததை ஏற்கவில்லை. அவ்வாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் இடைத்தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்டு 43 வாக்குகளால் தோற்றார். ஒக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சியினரின் ஆதரவுடன் எப்பிங் தொகுதியில் வென்றார். பிரதமர் பால்ட்வின் அவரை நிதியமைச்சராக்க, பழைய கட்சியிலேயே மீண்டும் இணைந்தார். தீர்வையை எதிர்த்துக் கட்சியை விட்டவர், 1925இல் மோட்டார் வண்டிகள் உள்ளிட்ட சில இறக்குமதிப் பொருட்கள் மீதான தீர்வைகளை மீளக் கொண்டு வந்தார் என்பது வரலாற்றின் முரண்.

ஆனால் சேர்ச்சில் மிகப் பெரிய விலை கொடுத்தது கட்சி மாறியபோது அல்ல. கட்சிக்குள் இருந்தவாறே மாறுபட்டபோதுதான். 1931இல் இந்தியாவுக்குச் சுயாட்சி வழங்குவதை எதிர்த்துக் கட்சித் தலைமைக் குழுவிலிருந்து விலகினார். ஹிட்லரின் ஜேர்மனி குறித்து எச்சரித்ததோடு, 1938இன் மியூனிச் உடன்படிக்கையையும் கண்டித்தார். 1939 வரை அவருக்கு அமைச்சர் பதவி கிட்டவில்லை. ஒரே மனிதரின் அதே பிடிவாதம் இந்திய விடயத்தில் நியாயமற்றதாகவும், ஜேர்மனி விடயத்தில் தீர்க்கதரிசனமாகவும் அமைந்தது. 1940 மே 10இல் பிரதமராகிய அவர், ஒக்டோபரில் தாம் ஒருகாலத்தில் கைவிட்ட கட்சியின் தலைவருமானார்.

எனவே, கட்சி மாறியவர் என்பதனால் மட்டும் ஒருவரைத் துரோகி என்றோ, மாறாதவர் என்பதனால் மட்டும் கொள்கைவாதி என்றோ தீர்ப்பளிப்பது பொருந்தாது. மாறுவதற்கு முன் அவர் பேசியது என்ன, மாறியதால் பெற்றதும் இழந்ததும் எவை, பெற்ற அதிகாரத்தை யாருக்காகப் பயன்படுத்தினார் என்ற மூன்று கேள்விகளையே மக்கள் எழுப்ப வேண்டும். சேர்ச்சிலையும் இவ்வாறு நிறுத்துப் பார்க்கையில் தராசு எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை என்பதே எமது கருத்தாகும்.