சாக்லேட்டுக்குக் கிடைத்த விடுதலை!

திண்டுக்கல் பிரியாணிக்குப் புகழ் எவ்வளவோ, பழியும் அவ்வளவு! வீட்டில் வயசுப் பிள்ளையின் முகத்தில் நாலு பரு கிளம்பினால் போதும்... ''எண்ணெயும் கறியுமாத் தின்னா வேற என்ன வரும்?'' என்று அம்மா ஆரம்பித்துவிடுவார். டாக்டர்களோ, ''சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை'' என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். எப்படி வந்தது இந்த நம்பிக்கை?

1969-ல் அமெரிக்காவில் ஃபுல்டன், பிளெவிக், கிளிக்மன் என்ற மூன்று டாக்டர்கள், பரு உள்ள 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் பலர் சிறைக் கைதிகள்! நாலு வாரம் நிஜச் சாக்லேட், நாலு வாரம் கோகோ இல்லாத போலி மிட்டாய். பருக்களில் பெரிய வித்தியாசமில்லை. 'சாக்லேட் நிரபராதி' என்றார்கள். நாளடைவில் அதுவே 'உணவே நிரபராதி' என்று பரவிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்... போலி மிட்டாயிலும் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கிட்டத்தட்ட அதே அளவுதான்! அப்புறம் வித்தியாசம் எப்படித் தெரியும்?

2002-ல் வழக்கு மறுபடி சூடுபிடித்தது. பப்புவா நியூகினியின் கிடாவா தீவில் கிழங்கு, பழம், தேங்காய், மீன் என்று வாழ்ந்த 1,200 பேரைப் பரிசோதித்ததில், ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று கார்டெய்ன் குழு எழுதியது. பரம்பரையும் காரணமாக இருக்கலாமே? 2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. காரணம் இதுதான்... சர்க்கரை விறுவிறுவென்று ஏறினால் இன்சுலினும் எகிறும். அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை உசுப்பிவிடும்.

இப்போது நம்ம ஊருக்கு வாருங்கள். வேடசந்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைந்த சோளமும் கம்பும்தான் ஒரு காலத்தில் அன்றாடச் சாப்பாடு. நெல்லுச்சோறு விசேஷத்துக்கு. பிறகு தட்டு வெளுத்தது. 2011 முதல் ரேஷனில் அரிசியே இலவசம். பசி போனது, பெரிய விஷயம்! கூடவே மைதாப் பரோட்டாவும் பாட்டில் பானமும் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஆக, அம்மா சந்தேகப்பட்டது சரி, ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார். எண்ணெயைவிட, சர்க்கரையையும் மைதாவையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும். அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பரம்பரைக்கும் ஹார்மோனுக்கும் இதில் பெரிய பங்குண்டு. தழும்பு விழும் முன் தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சாப்பிடும்போது முகத்தைக் காட்டித் திட்டுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். பரு ஒருநாள் மறையும், அந்தச் சொல் மறையாது!